மர வாத்து செதுக்க வாங்கிய கட்டை வெடித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. புள்ளி மூக்கு வாத்தை அச்சு அசலாக மரத்தில் செதுக்க ஆசைப்பட்டு, வரைபடம், மரக்கட்டை, கண்ணாடிக் கண்கள் அடங்கிய தொகுப்பை இணையத்தில் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். வந்த பத்தாம் நாள், வரவேற்பறை அலமாரியில் இருந்த கட்டையின் முனையில் வெடிப்பு விழுந்துவிட்டது. வரைபடமும் பக்கத் தோற்றம் ஒரு நீளம், மேல் தோற்றம் ஒரு நீளம் என்று இருக்கிறது. விற்றவரோ, ‘மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும், கைவினைப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்து வெயிலில் ஒரு கட்டை வெடித்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் நன்றாக உலர்ந்த கட்டை உங்கள் ஊரின் ஈரக்காற்றில் ஈரத்தை இழுத்துச் சற்று உப்புமே தவிர, சுருங்கி வெடிக்காது. அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்காத கட்டை பத்து நாளில் பிளந்தது என்றால், உள்ளீரம் போகாத மரத்தை அறுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: ஆண்டு வளையங்களின் மையம் கட்டைக்குள்ளேயே இருந்து, வெடிப்பு அங்கிருந்து வெளிப்புறமாக ஓடியிருந்தால், செதுக்கு வேலைக்கே உதவாத நடுத்தண்டுப் பகுதியைத் தந்திருக்கிறார்கள். அதைத் தெளிவாகப் படமெடுங்கள். சமையலறைத் தராசில் கட்டையை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள்; எடை குறைந்துகொண்டே போனால் அதைவிடச் சிறந்த சான்று வேண்டாம்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, தலை நேராகப் பார்க்கும் வாத்துக்கு மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை இரு தோற்றங்களும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும். தலை திரும்பியிருந்தால் மட்டுமே வேறுபாடு நியாயம். அளவுகோலை வைத்துப் படமெடுத்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே நாளைக் கடத்தாமல், விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர அவர் கடமைப்பட்டவர். பலனில்லையேல் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகு, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

பணம் வந்ததும் தயவுசெய்து மறுபடி தொகுப்பாக வாங்காதீர்கள். மரக்கடையில் உலர்ந்த குமிழ் மரத்தைக் கேளுங்கள். அது இலேசானது, உளிக்கு இணங்குவது, எளிதில் முறுக்கிக்கொள்ளாதது. தேக்கு உளியின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். உடலுக்கும் தலைக்கும் தனித்தனிக் கட்டை வாங்குங்கள்: உடலில் மரத்தின் நார் மார்பிலிருந்து வாலுக்கும், தலையில் மூக்கின் நீளவாக்கிலும் ஓட வேண்டும். நார் குறுக்கே போன மூக்கு, உப்புத்தாள் போடும்போதே ஒடிந்துவிடும்; மாதக்கணக்கில் செய்த வேலை அப்படி வீணாவதைப் பார்க்க மிகவும் வேதனையாக இருக்கும்.

கேள்வி: கொடைக்கானலில் பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தை வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். வாத்து செதுக்க வாங்கலாமா?

பதில்: பட்டா நிலத்து மரமானாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 பொருந்தும் இடங்களில் வெட்ட முன் அனுமதி வேண்டும். அனுமதி ஆணையின் நகலைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். மரத்தில் பளபளக்கும் கதிர்க்கோடுகள் அழகுதான். ஆனால் இறகுக் கோடுகள் போன்ற நுண்ணிய வேலையில் அவை கண்ணை ஏமாற்றும், சிலருக்கு அதன் தூள் தோலில் அரிப்பையும் தரும். வண்ணம் பூசாத எளிய வாத்துக்கு வாங்கலாம், நுண்வேலை வாத்துக்கு வேண்டாம்.