16 இஞ்ச் அலாய் போட்டால் சொகுசு கூடுமா?

டயர், வீல் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை நிறைய. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அழகாபுரத்தில் வசிக்கிறேன். ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். கம்பெனி டயர் 165/80 ஆர்14. நான்கும் தேய்ந்துவிட்டன. தினமும் இரும்பாலைப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன், அவ்வப்போது குடும்பத்தோடு ஏற்காடு. பின்சீட்டில் உட்காரும் அம்மா, குழியில் விழும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், 16 இஞ்ச் அலாய் வீலும் 195/55 டயரும் போட்டால் பெங்களூர் வரைக்கும் அலுங்காமல் போகலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: அம்மாவுக்காகத்தான் என்றால் போடாதீர்கள். கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் நடக்கும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 13 சென்டிமீட்டருக்கு மேல் ரப்பரும் காற்றும் இருக்கிறது. குழியின் விளிம்பு மோதும்போது முதலில் அமுங்கிக் கொடுப்பது இதுதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதற்கு அப்புறம்தான் வேலை செய்ய ஆரம்பிக்கின்றன.

195/55 ஆர்16-க்கு வாருங்கள். 195-ல் 55 சதவீதம் 107 மி.மீ. வெளி விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 620 மி.மீ. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, டயரும் உள்ளே உரசாது, கடைக்காரரும் "கச்சிதமா உட்காரும் சார்" என்று தைரியமாகச் சொல்வார். அந்த வார்த்தை உண்மைதான். ஆனால் ரிம் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் மெத்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வைக்கிறீர்கள். வளைவில் வண்டி இன்னும் திடமாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. அம்மாவின் இடுப்புக்கு அது உதவாது. குழியில் ரிம் அடிபடும் வாய்ப்பும் கூடுகிறது.

உங்கள் ரிம்மை மாற்றாமலேயே ஒரு வழி இருக்கிறது: 185/70 ஆர்14. பக்கச்சுவர் 129.5 மி.மீ., பழையதற்குக் கிட்டத்தட்ட சமம். வெளி விட்டம் 615 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். 20 மி.மீ. அகலம் கூடுவதால் பிடிமானம் கொஞ்சம் கூடும். மைலேஜ் சற்றுக் குறையலாம். நன்றாக விற்கிற அளவு என்பதால் கடைகளில் கிடைக்கும். வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால் மட்டும் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கு வம்பு என்று தோன்றினால் 165/80-ஐயே மறுபடி போடுங்கள். சொகுசுக்கு அதை மிஞ்ச வேண்டியதில்லை.

எந்தப் பிராண்டாக இருந்தாலும், அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 85டி (85T) என்றிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை சரி என்று பொருள். 88 என்றால் 560 கிலோ. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண் போட்ட டயரைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

பிராண்டைப் பொறுத்தவரை, பெயரிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சியட் மைலேஸ், அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப் போன்றவை நீண்ட கிலோமீட்டர் உழைப்பதைச் சொல்லி விற்கப்படுபவை. மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை சத்தம் குறைவு, சொகுசு என்று சொல்லி விற்கப்படுபவை. விலையும் அதற்கேற்ப ஏறும், எல்லா மாடலும் 14 இஞ்சில் வருவதில்லை. பொதுவாக மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும். தினமும் ஊருக்குள் ஓட்டி, எப்போதாவது மலையேறும் வண்டிக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் குறைவாக உழைத்தால்தான் என்ன? டாக்ஸி ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

டயருக்குப் பணம் கட்டும் முன் செலவில்லாத ஒரு சோதனை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு காற்று, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளந்து பாருங்கள். பங்க்கில் காற்று பிடிக்கிறவர் கேட்காமலே 38, 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று ஏற்றிவிடுவது சகஜம். அப்படி இருந்தால் எந்த டயரும் கட்டைதான். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் டயர் தாங்கும் உச்சம், நீங்கள் நிரப்ப வேண்டிய அளவு அல்ல. காற்று சரியாக இருந்தும் பின்பக்கம் தூக்கிப் போடுகிறதென்றால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கசிந்து செத்துப்போன ஷாக்கோடு நான்கு புது டயர் போட்டு, "கம்பெனி சரியில்லை" என்று திட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: சூரமங்கலம். அளவை மாற்றாமல் 14 இஞ்ச் அலாய் மட்டும் போட்டால்? எடை குறைவு, அதனால் ஓட்டம் சொகுசாகும் என்று நண்பன் சொல்கிறான்.

பதில்: நண்பர் சொல்லும் தத்துவம் சரி. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் சக்கரம் மேடு பள்ளத்தைச் சுலபமாகப் பின்தொடரும். ஆனால் எல்லா அலாயும் இலேசானதல்ல. வார்ப்பில் செய்த மலிவு அலாய் பல, இரும்பு டிஸ்க்கின் எடையேதான் இருக்கும். கடையில் தராசு கேட்டால் சிரிப்பார்கள், கேளுங்கள். அழகுக்காகப் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு போடுங்கள், தப்பில்லை.

போடும்போது மூன்றைச் சரிபார்க்க வேண்டும். போல்ட் துளைகளின் வட்டம் (மாருதி சிறிய கார்களில் பெரும்பாலும் 4 துளை, 100 மி.மீ.), நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட் (வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது). நடு ஓட்டை பெரிதாக இருந்தால் ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) கச்சிதமாக உட்காராது. நாலு ரோட்டில் தெரியாது, ஓமலூர் தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து செய்து அலுத்துப்போவீர்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். நட்டும் அலாய்க்கு உரியதாக இருக்க வேண்டும். இன்னொன்று: பெரும் குழியில் இரும்பு டிஸ்க் வளையும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிளெய்ம் வரும்போது அலாய்க்குப் பணம் கிடைக்காது.

கேள்வி: ஏற்காடு நாகலூரில் சின்ன காபித் தோட்டம். வாரத்துக்கு இரண்டு முறை சேலம் இறங்கி ஏறுகிறேன். சேலத்தில் காற்று பிடித்தால் மேலே வந்ததும் அளவு மாறுகிறது. எந்த ஊர் கணக்கை நம்புவது? முன் டயர்களின் ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது.

பதில்: நல்ல கேள்வி, இதில் இரண்டு விஷயம் எதிரெதிராக வேலை செய்கின்றன. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், டயருக்குள் ஒரு மூச்சுக் காற்றைக்கூடச் சேர்க்காமலே கேஜ் சுமார் 2 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிர். ஆறேழு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே ஒரு பிஎஸ்ஐ இறங்கும். பெரும்பாலான நாட்களில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த சூட்டோடு, மத்தியான வெயிலில் சேலத்தில் காற்று பிடிப்பதில்தான். சூடான டயரில் 33 என்று நிறுத்தினால், மறுநாள் காலை நாகலூரில் அது 30 காட்டும். அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். காற்று குறைந்த டயர் வளைவில் பக்கவாட்டில் சாய்ந்து, ஓரத்தால் ரோட்டைத் தேய்க்கும். ஓரத் தேய்மானத்துக்கு முதல் சந்தேகம் அங்கேதான், அப்புறம் அலைன்மென்ட். வண்டி பாதி நாள் உங்கள் தோட்டத்தில் நிற்கிறது, அதனால் வீட்டில் காலையில் ஆறிய டயரை அளந்து, அதையே கணக்காக வையுங்கள். கையால் அளக்கும் ஒரு கேஜும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கிக்கொண்டால் பங்க்கை நம்ப வேண்டாம். உங்களைப் போல ஓட்டுகிறவர்கள் முன்பின் டயர்களை 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவதும் நல்லது.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ரிம்முக்கும் டயருக்கும்தான் போய்ச் சேரும்.

கேள்வி: கொண்டலாம்பட்டி. புது டயர் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை, பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. கடையில் "குழியில விட்டிருப்பீங்க, வாரண்டி வராது" என்று கைவிரித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியைப் போடுங்கள். பக்கச்சுவருக்குள் இருக்கும் நூல் அறுந்து, காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது; எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. பேட்ச் போட வழியே இல்லை.

வாரண்டி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது கடைக்காரர் அல்ல, டயர் கம்பெனியின் ஆய்வாளர். பில்லைக் காட்டி, டயரைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதற்கு ரசீது வாங்குங்கள். குழியில் இடிபட்டு நூல் அறுந்திருந்தால் உள்பக்கம் அடிபட்ட தடம் தெரியும், அதை உற்பத்திக் குறை என்று ஏற்க மாட்டார்கள். நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலான புடைப்புகள் இடியால் வருபவைதான். உற்பத்திக் குறை என்று ஏற்றாலும் முழு டயர் இலவசமாக வராது, தேய்ந்த பட்டனுக்கு (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஏற்ற தொகையைக் கழித்துக்கொள்வார்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "வராது" எங்கும் செல்லாது.

எழுதித் தர மறுத்தாலோ, அனுப்பவே மறுத்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் குறை டயரில்தான் என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். ஒரு டயருக்கு அத்தனை அலைச்சல் தேவையா என்பது உங்கள் முடிவு. சேவை மறுக்கப்பட்டதற்காகப் போராடுவதென்றால் நான் தடுக்க மாட்டேன். அடுத்த முறை வாங்கும்போது, வெட்டு, புடைப்பு போன்ற சேதத்துக்கும் சேர்த்து வாரண்டி தரும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தருகின்றன.

கேள்வி: ஓமலூர். புது டயர் என்று கொடுத்தார்கள், 3523 என்று போட்டிருக்கிறது. பழைய சரக்கா?

பதில்: 2023-ம் வருடம் 35-வது வாரம் செய்தது, அதாவது ஆகஸ்ட் கடைசி. நிழலில் அடுக்கி வைத்திருந்தால் கெட்டிருக்காது, ஆனால் புதுச் சரக்கின் விலையை ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு வருடத்துக்குள் செய்ததைக் கேளுங்கள், இல்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நான்கு டயரிலும் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் அந்த எண் முழுதாக இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விடலாம். பில்லில் அந்த எண்ணையும் எழுதச் சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது; வரிக்கு முன் 5,000 ரூபாய் டயர் 6,400-லிருந்து 5,900 ஆகிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மாபேட்டை. பட்ஜெட் இரண்டு டயருக்குத்தான். முன்னாலா, பின்னாலா?

பதில்: பின்னால். தேய்வது முன்னால்தான் என்பதால் புதுசை முன்னால் போடத் தோன்றும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்து வேகத்தைக் குறைத்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக இருக்கட்டும். முன்னால் போகும் பழைய டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அது மொட்டை டயர், நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: நைட்ரஜன் காற்று அடித்தால் ஓட்டம் மிருதுவாகும் என்கிறார்களே?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காற்று இறங்குவது கொஞ்சம் மெதுவாகும், மற்றபடி மிருது ஒன்றும் கூடாது. இலவசமாகக் கொடுத்தால் அடித்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் அடித்த டயரில் சாதாரணக் காற்றைச் சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது.