65 வயது அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் என்கிறார்கள். கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. அதிலும் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை கை உடைந்திருந்தால் நிச்சயமாகப் போதாது. நீங்கள் அதைச் சொல்லவில்லை, ஆனால் இப்படிக் கேட்கிற வீடுகளில் அநேகமாக அப்படி ஒன்று நடந்திருக்கும்.

எங்கள் அம்மா வாசல் தெளிக்கும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. போன ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, கால்சியம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு ஏன் உடைகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த வருடம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் வேறொரு டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்கிற அளவு, மைனஸ் 3.1. மைனஸ் 2.5 வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது இந்த எலும்புத் தேய்மானம்தான்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பு உருவாவதைவிடக் கரைவது வேகமாகிவிடுகிறது. கால்சியமும் விட்டமின் டியும் அவசியம்தான், ஆனால் இந்த அளவுக்குப் போனபின் எலும்பு கரைவதை அவை மட்டுமே தடுக்காது. அம்மாவுக்கு எலும்பு கரைவதைக் குறைக்கிற அலென்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்று கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. காபிகூட அப்புறம்தான்.

நான் டாக்டர் இல்லை, மருந்து சிபாரிசும் செய்யவில்லை. சிறுநீரகக் கோளாறோ பல் பிடுங்கும் வேலையோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். “கேழ்வரகு சாப்பிட்ட பாட்டிகளுக்கு இதெல்லாம் வந்ததா?” என்று கேட்க வருகிறவர்களுக்கு: எங்கள் வீட்டிலும் கூழ் உண்டு, அது நல்லதுதான். ஆனால் கூன் விழுந்து கோலூன்றி நடந்தார்களே, அந்தப் பாட்டிகளில் பலருக்கு இருந்தது இதே நோய்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை டெஸ்ட், வருடா வருடம் ஈசிஜி. அம்மா வலிக்கிறது என்றால் மட்டும் “வயசானா அப்படித்தான்” என்றார்கள் சொந்தக்காரர்கள். ஸ்கேன் செலவுக்குக் கணக்குக் கேட்டவர்களும் அவர்கள்தான்.

சரி, உங்கள் அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து பாருங்கள். இளவயது உயரத்தைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் முதுகு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.