குட்டி கத்துனா கதவைத் திறக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க கோத்தகிரி பக்கம். பத்து நாள் முன்னாடி ரெண்டு மாச நாட்டு நாய்க்குட்டி எடுத்துட்டு வந்தோம், பேரு மணி. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனா காலைல 8 மணில இருந்து மதியம் 1 மணி வரைக்கும் அது தனியாதான் இருக்கு. ஒரே கத்தல், பக்கத்து வீட்டம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. திரும்பி வந்து பார்த்தா ஹால் பூரா மூத்திரம். வெளிய கட்டிப் போட்டுடலாம்ங்கறார் வீட்டுக்காரர். என்ன பண்றது?

பதில்: வெளிய கட்டறது மட்டும் வேணவே வேணாம்மா. சிறுத்தை நடமாட்டம் இருக்கற ஊரு நம்மளுது, கட்டிப் போட்ட குட்டிக்கு ஓடி ஒளியக்கூட வழி இருக்காது, போதாததுக்கு இந்தக் குளிரு வேற.

மூத்திர விஷயத்துல மணி மேல தப்பே இல்ல. ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மணி நேரம், மிஞ்சிப் போனா மூணு மணி நேரம்தான் அடக்க முடியும், நீங்க அஞ்சு மணி நேரம் விட்டுட்டுப் போறீங்க. சண்டைக்கு வந்த அந்தம்மாகிட்டயே போய், பத்தரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து விடுங்கன்னு கேட்டுப் பாருங்க, கத்தலும் பாதி குறையும்.

தூங்கி எந்திரிச்சதும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, போயி சும்மா நில்லுங்க. மோந்துகிட்டே வட்டமா சுத்த ஆரம்பிக்கும் பாருங்க, அப்போ பேசாதீங்க, முடிச்ச அந்த நொடியே தடவிக் குடுத்து ஒரு துண்டு பிஸ்கட் குடுங்க. எங்க வீட்டுக் குட்டி மழைன்னா படில ஒரு கால வச்சுப் பார்த்துட்டு அப்படியே உள்ள ஓடிரும். அப்புறம் அது மூத்திரம் பட்ட சாக்குத் துண்டை ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழ போட்டேன், அந்த வாசனைக்கே அங்க போக ஆரம்பிச்சிருச்சு. தடுப்பூசியெல்லாம் முடியற வரைக்கும் ரோட்ல விடாதீங்க, பார்வோங்கற வைரஸ் நோய் வந்தா குட்டிங்க தாங்காது, உங்க வீட்டு முற்றமே போதும். ஹால்ல போயிட்டா திட்டறது, மூக்கைப் பிடிச்சுத் தேய்க்கறது எதுவும் வேணாம், நம்மள பார்த்தாலே பயந்து கட்டிலுக்கடியில ஒளிஞ்சு மூத்திரம் போகப் பழகிரும். வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து துடைங்க. அமோனியா கலந்த க்ளீனர் மட்டும் வேணாம், அந்த வாடை மூத்திர வாடை மாதிரியே இருக்கறதால அங்கயே திரும்பப் போகும்.

தனியா இருக்கறத நீங்க வீட்ல இருக்கும்போதே பழக்கணும். லீவு நாள்ல ரூம்ல விட்டுட்டு கதவைச் சாத்தி ஒரு நிமிஷம், அப்புறம் ரெண்டு, அப்புறம் அஞ்சுன்னு போங்க, அது கத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே திரும்பி வந்துரணும். கத்திருச்சுன்னா திறங்க, தப்பில்ல, நீங்க விட்ட நேரம் அதுக்குத் தாங்கலன்னு அர்த்தம், அடுத்த தடவை குறைச்சுக்கங்க. நீங்க ஸ்வெட்டர மாட்டி சாவிய எடுத்தாலே மணி முனக ஆரம்பிச்சிருக்குமே? ஸ்வெட்டர மாட்டிட்டு வெளிய போகாம உக்காந்து டீ குடிங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை இப்படிப் பண்ணுங்க, கொஞ்ச நாள்ல அது கண்டுக்காது.

ராத்திரி உங்க கட்டில் பக்கத்துலயே ஒரு அட்டைப்பெட்டில நீங்க போட்ட பழைய ஸ்வெட்டர விரிச்சு, சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி ஓரமா வைங்க. தாய் வயித்துச் சூட்டுல கிடந்த குட்டி, பத்து நாள் முன்னாடி வரைக்கும் தனியா படுத்ததே இல்லையேம்மா. குளிருதுன்னு மூடின ரூம்ல கரி அடுப்பு மட்டும் வச்சுராதீங்க, அந்தப் புகை மணிக்கு மட்டுமில்ல, உங்க உயிருக்கே ஆபத்து.

அடிக்கடி சொட்டு சொட்டா போச்சுன்னாலோ ரத்தம் தெரிஞ்சாலோ அது பழக்கக் கோளாறு இல்ல, அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட காட்டிருங்க.