சீட்டுப் பணத்தில் கார்டு கடனை அடைக்கிறேன்: எந்தக் கார்டுக்கு முதலில் கட்டுவது?

கேள்வி: என்னிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. முதல் கார்டின் லிமிட் 1,00,000 ரூபாய், நிலுவை 92,000, மாத வட்டி 3.75 சதவீதம். இரண்டாவது கார்டில் 2,00,000 லிமிட்டுக்கு 1,10,000 நிலுவை, வட்டி 3.5 சதவீதம். மூன்றாவதுதான் இருப்பதில் பழையது: 60,000 லிமிட்டுக்கு 38,000 நிலுவை, வட்டி 3.6 சதவீதம். மினிமம் தொகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் சிபில் ஸ்கோர் 690-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. சீட்டு எடுத்ததில் 1,50,000 ரூபாய் கையில் வந்திருக்கிறது. இனி மாதம் 18,000 ஒதுக்கவும் முடியும். ஏழெட்டு மாதத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நிலுவை உள்ள கார்டை முதலில் அடைக்க நினைக்கிறேன், சரியா? அடைத்த கார்டுகளை மூடிவிடலாமா? பாதித் தொகைக்குச் செட்டில்மென்ட் பேசித் தருவதாக ஒருவர் சொல்கிறார், அதற்குப் போகலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: செட்டில்மென்ட் வேண்டவே வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு எந்த வங்கியும் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்யாது. அந்த நிலைக்கு வர நீங்கள் சில மாதங்கள் கட்டாமல் இருக்க வேண்டும். அந்தத் தவணைத் தவறுகள் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் ரிப்போர்ட்டில் பதிவாகும். பிறகு பேரம் முடிந்தாலும் அந்தக் கணக்கின்மேல் ‘செட்டில்டு’ என்ற குறிப்பு விழும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அந்தச் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் விண்ணப்பத்தை அப்படியே திருப்பிவிடும். இத்தனை காலம் தவறாமல் கட்டியதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய பலம். அதை ஒரு இடைத்தரகர் பேச்சுக்காக இழக்காதீர்கள்.

தவறாமல் கட்டியும் ஸ்கோர் ஏறாததற்குக் காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. மொத்த லிமிட் 3,60,000, மொத்த நிலுவை 2,40,000. லிமிட்டில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் நிரம்பியே இருக்கிறது. இதைத்தான் கிரெடிட் யூடிலைசேஷன் என்கிறார்கள். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. 31 ஆனதும் ஸ்கோர் சரிந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. பயன்பாடு குறையக் குறைய நல்லது, அவ்வளவுதான். மொத்தக் கணக்கோடு ஒவ்வொரு கார்டும் தனியாகவும் பார்க்கப்படும். 92 சதவீதம் நிரம்பிய முதல் கார்டு, இவர் பணத்துக்குத் திண்டாடுகிறார் என்ற எண்ணத்தையே தரும்.

மினிமம் தொகை என்ன செய்கிறது என்றும் பாருங்கள். மூன்று கார்டுக்கும் சேர்த்து மாத வட்டி 8,668 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 1,560. ஆக மாதம் 10,228 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போகிறது. மினிமம் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று கொண்டால் நீங்கள் கட்டுவது 12,000. அசலில் கழிவது 1,800 ரூபாய்கூட இல்லை. அதற்கு நடுவில் இரண்டு முறை பெட்ரோல் போட்டு ஒரு முறை மளிகை வாங்கினால் நிலுவை பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இப்போது 1,50,000-ஐ எப்படிப் பிரிப்பது? நீங்கள் நினைத்தபடி இரண்டாவது கார்டை முதலில் அடைத்தால் 1,10,000 போகும். மீதியில் மூன்றாவதையும் அடைத்து, எஞ்சும் 2,000-ஐ முதல் கார்டில் போடலாம். மொத்த நிலுவை 90,000, அதாவது லிமிட்டில் 25 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 90,000 முழுவதும் 1,00,000 லிமிட் உள்ள கார்டிலேயே நிற்கும், வட்டியும் இருப்பதிலேயே அதிகம். இதை மாற்றிச் செய்யுங்கள். முதல் கார்டுக்கு 92,000, மூன்றாவதுக்கு 38,000, மீதி 20,000 இரண்டாவதுக்கு. அப்போதும் மொத்த நிலுவை அதே 90,000தான். ஆனால் இரண்டு கார்டுகள் பூஜ்ஜியம், பாக்கி நிற்கும் இரண்டாவது கார்டு 45 சதவீதம் மட்டுமே நிரம்பியது. வட்டியும் வரியும் சேர்த்து மாதம் 265 ரூபாய் போலக் குறையும். ஏதாவது ஒரு கார்டில் ஏ.டி.எம். வழியாகப் பணம் எடுத்திருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றி அந்தத் தொகையை முதலில் கட்டுங்கள். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மூன்று கார்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டாமல் இரண்டை முழுதாக அடைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கார்டில் பழைய பாக்கி கொஞ்சம் நின்றாலும் வட்டியில்லாக் காலம் போய்விடும். அந்தக் கார்டில் இன்று வாங்கும் பாலுக்கும் இன்றிலிருந்தே வட்டி. முழுதாக அடைத்த கார்டில்தான் அந்தச் சலுகை திரும்பக் கிடைக்கும். அதனால் இரண்டாவது கார்டைக் கடன் தீரும் வரை தொடாதீர்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்த அதன் எண்ணையும் நீக்கிவிடுங்கள்.

பலரும் தவறும் இடம் இனிமேல்தான் வருகிறது. முதல் கார்டுக்கு 92,000-ஐ ஸ்டேட்மென்ட் வந்து 15-ம் நாள் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். செயலியில் நிலுவை பூஜ்ஜியம் என்று காட்டும். ஆனால் அந்த 15 நாளுக்கான வட்டி 1,725 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து சுமார் 2,035 ரூபாய் அடுத்த ஸ்டேட்மென்டில் வரும். கடன் முடிந்தது என்று நினைத்து அந்த மின்னஞ்சலைத் திறக்காமலே விட்டவர்கள் நிறையப் பேர். இந்தச் சில்லறைத் தொகை கெடு தாண்டி நின்றால் தாமதக் கட்டணம் ஏறும், ரிப்போர்ட்டிலும் தவணைத் தவறாகப் பதிவாகும். அதிக நிலுவையால் குறைந்த ஸ்கோர், நிலுவை இறங்கியதும் ஓரிரு மாதத்தில் மீளத் தொடங்கும். தவணைத் தவறு அப்படியல்ல. ரிப்போர்ட்டில் மாதவாரிக் கட்டங்களாக 36 மாதம் வரை தெரிந்துகொண்டே இருக்கும். எனவே அடைத்த பிறகும் அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட்களைத் திறந்து பார்த்து, வருவதைக் கட்டுங்கள். அடைத்த இரண்டு கார்டுக்கும் ஆட்டோ பே போடுங்கள். அதில் ‘மினிமம்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘மொத்தத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் கட்டாமல் இருந்தால்தான் தாமதக் கட்டணம் போடவோ, தவறியதாக ரிப்போர்ட்டில் பதியவோ முடியும். ஆனால் இந்த மூன்று நாளை நம்பித் திட்டமிடாதீர்கள். யு.பி.ஐ. அல்லது வேறு செயலி வழியாகக் கட்டும் பணம் கார்டு கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் பிடிக்கலாம்.

ஸ்கோரைப் பொறுத்தவரை கெடு தேதியைவிட ஸ்டேட்மென்ட் தேதி முக்கியம். பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடும் நாளன்று எவ்வளவு நிலுவையோ அதுதான் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. மாதம் முழுக்க 50,000 செலவழித்து, கெடு தேதிக்குள் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டுபவருக்கும் ரிப்போர்ட்டில் 50,000 நிலுவை என்றே தெரியும். ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் குறைந்த எண் பதியும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை விவரம் அனுப்ப வேண்டும். அதனால் மாற்றங்கள் முன்பைவிடச் சீக்கிரம் ஏறுகின்றன. மூன்று கார்டின் தேதிகளும் சிதறிக் கிடந்தால், பில்லிங் தேதியை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். குறைந்தது ஒருமுறை மாற்றித் தர வேண்டும் என்பது விதி. சம்பளம் வந்த பிறகு கெடு வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம்.

மீதமுள்ள 90,000-க்கு வருவோம். அதை அப்படியே விட்டு மாதம் 18,000 கட்டினால் ஆறாவது மாதம் முடியும். வட்டியும் வரியுமாகச் சுமார் 13,000 ரூபாய் போகும். அதே தொகையை ஆறு மாத இ.எம்.ஐ.யாக மாற்றக் கேளுங்கள். ஆண்டுக்கு 16 சதவீதம் என்று கிடைத்தால் மாதத் தவணை 15,708 ரூபாய். மொத்த வட்டி சுமார் 4,250, அதன்மேல் ஜி.எஸ்.டி. 765, கூடவே செயலாக்கக் கட்டணம். அதையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய பாதிச் செலவில் முடிந்துவிடும். மூன்றாவது மாத முடிவில் அந்தக் கார்டின் பயன்பாடு 23 சதவீதத்துக்கு வந்திருக்கும். கேட்கும்போது வட்டி விகிதம், கட்டணம், முன்கூட்டி அடைத்தால் வரும் அபராதம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மாதத் தவணை முழுவதும் மினிமம் தொகைக்குள் சேர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பணமாக எடுத்த தொகையையும் நகை வாங்கிய தொகையையும் வங்கிகள் பொதுவாக இ.எம்.ஐ.யாக மாற்றித் தருவதில்லை.

இ.எம்.ஐ.யாக மாற்ற மறுத்தால் வங்கியில் நகைக்கடன் நல்ல வழி. வட்டி கார்டு வட்டியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான், அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. புதிதாக இன்னொரு கார்டு வாங்கி அதற்கு நிலுவையை மாற்றுவதை உங்கள் நிலையில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வீட்டுக் கடனுக்கு முன்னால் புதிய விண்ணப்பங்கள் ரிப்போர்ட்டில் குவியக் கூடாது. கடையில் கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் கொடுத்துப் பணம் வாங்கி இன்னொரு கார்டைக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அதில் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வங்கி கண்டுபிடித்தால் கார்டையே முடக்கலாம்.

அடைத்த கார்டுகளை வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை மூடாதீர்கள். 90,000 பாக்கி நிற்கும்போது முதல் கார்டையும் மூன்றாவதையும் மூடினால் மொத்த லிமிட் 2,00,000 ஆகச் சுருங்கும். 25 சதவீதமாக இருந்த பயன்பாடு உடனே 45 ஆகும். பழைய கார்டு உங்கள் கடன் வரலாற்றின் நீளத்துக்கும் சான்று. மாதம் ஒருமுறை மின்கட்டணம் மாதிரி ஏதாவது ஒன்றை அதில் கட்டி, உடனே அடைத்துவிட்டால் போதும். ஆண்டுக் கட்டணம் உறுத்தினால் கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். கையில் இருந்தால் செலவழித்துவிடுவோம் என்ற பயம் உண்மையானது என்றால், செயலியில் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்தி வையுங்கள். பின்னாளில் மூடும்போது, பாக்கியில்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு, பாக்கி இல்லை என்ற நோ ட்யூஸ் சான்றையும் வாங்கி வையுங்கள்.

பணம் கட்டி ஒன்றரை மாதம் ஆனதும் ரிப்போர்ட்டை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஸ்கோர் எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கார்டுக்கும் தற்போதைய நிலுவை, லிமிட், கெடு கடந்த தொகை, விவரம் பதிவான தேதி நான்கையும் சரிபாருங்கள். லிமிட் குறைவாகப் பதிவாகியிருந்தாலும் பயன்பாடு அதிகமாகத் தெரியும். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அப்போதும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வீட்டுக் கடனில் மனைவியையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அவருடைய ரிப்போர்ட்டையும் இப்போதே எடுங்கள். இருவர் வரலாற்றையும் வங்கி பார்க்கும். கார்டு நிலுவையில் 5 சதவீதத்தை மாதச் சுமையாகக் கணக்கிட்டு, அதற்கேற்பக் கடன் தொகையைக் குறைக்கும் வங்கிகளும் உண்டு. 90,000 நின்றால் அது மாதம் 4,500. இ.எம்.ஐ.யின் ஆறாவது தவணை கட்டி, அது ரிப்போர்ட்டில் ஏறிய பிறகு விண்ணப்பியுங்கள். அனுமதிக் கடிதம் வந்த பிறகும், பணம் பட்டுவாடா ஆகும்வரை ஃபர்னிச்சர், ஏ.சி. எதையும் கார்டில் வாங்க வேண்டாம். கடைசி நேரத்தில் ரிப்போர்ட்டை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கும் வங்கிகள் இருக்கின்றன.