முன்வாசலில் நாட்டுச் செடி வைத்தால் அபராதம் வருமா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீட்டின் முன்னுள்ள புல்தரையை எடுத்துவிட்டு அந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டால் நகராட்சியோ குடியிருப்போர் சங்கமோ மறிக்குமா என்பது கேள்வி. நடலாம். ஆனால் விதியில் 'களை' என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள்.

வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் புல்லும் களையும் 8 முதல் 12 அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது. நட்டு வளர்க்கும் பூச்செடிகளுக்கு அதில் விலக்கு உண்டா என்று சொற்பொருள் பகுதியில் தேடுங்கள். விலக்கு இல்லையென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழிச் சம்மதம் அதிகாரி மாறியதும் போய்விடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, திட்டமிட்டுப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டம் 8 அங்குலத்தைத் தாண்டலாம். வெட்டாமல் விட்ட புல்தரை அந்தக் கணக்கில் சேராது.

தடைசெய்த களைகளின் பட்டியல் வேறு. அதைத் தாவரவியல் பெயரை வைத்தே ஒப்பிடுங்கள். மோனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் மில்க்வீட் செடியே கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 வரை அந்தப் பட்டியலில் இருந்தது!

சங்கம் இருந்தால் அதன் ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். நகராட்சி விட்டாலும் சங்கம் பிடிக்கும். (அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2021 முதல் இப்படிப்பட்ட தோட்டத்தைச் சங்கம் அடியோடு தடுக்க முடியாது. ஒழுங்காகப் பராமரிக்கச் சொல்லலாம்.) விண்ணப்பத்தோடு ஒரு வரைபடமும், செடிகளின் பெயர், முழு வளர்ச்சி உயரம், நடும் இடைவெளி அடங்கிய பட்டியலும் கொடுங்கள்.

நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள துண்டு நிலம் பெரும்பாலும் உங்களுடையது அல்ல. அதற்குத் தனி விதி இருக்கும். தெருமுனையிலும் வண்டி வெளியேறும் வழியிலும் ஓட்டுநரின் பார்வை மறையக்கூடாது. அங்கே 2 அடிக்குள் நிற்கும் செடிகளையே வையுங்கள். தோண்டுமுன் கேபிள், எரிவாயுக் குழாய் போகும் தடத்தைக் குறித்துவிடச் சொல்லுங்கள்.

பிரச்சினை முளைப்பது முதல் வருடத்தில்தான். விதையிலிருந்து வரும் பல்லாண்டுச் செடிகள் அந்த வருடம் வேரைத்தான் வளர்க்கும். மேலே தெரிவதெல்லாம் களை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுதுவதும் அப்போதுதான். ஆகவே தெருவைப் பார்த்த பக்கம் நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நடுங்கள். விதைப்பதைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். விதைத்த இடம் 10 அங்குலம் தொட்டதும் (உங்கள் ஊர் வரம்பு 10 அங்குலமோ அதற்கும் குறைவோ என்றால் அந்த வரம்பைத் தொடுமுன்பே) 5 அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். களை விதை கட்டாது, உயர விதியும் மீறப்படாது. சுற்றிலும் 2 அடி அகலத்துக்கு வெட்டிய புல் ஓரம் விட்டால் இது திட்டமிட்ட தோட்டம் என்பது பார்த்ததும் தெரியும். புகார் பெரிதும் குறைவது இந்த ஓரத்தால்தான்.

மீறி நோட்டீஸ் வந்தால் உடனே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாதீர்கள். எந்தப் பிரிவு, எந்தச் செடி என்று கெடுவுக்குள் எழுத்தில் கேட்டு, செடிப் பட்டியலையும் தேதியிட்ட படங்களையும் இணைத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பதிலே போடாமல் இருந்தால் பல ஊர்களில் நகராட்சியே ஆள் வைத்து வெட்டிவிட்டு, அந்தச் செலவைச் சொத்து வரியோடு சேர்த்துவிடும்.