மலிவான ஃபேரிங் கிட் வாங்கி மாட்டலாமா? இன்ஜின் சூட்டுக்குத் தாங்குமா?

கேள்வி இதுதான்: பழைய ஹோண்டா சிபிஆர் 250ஆர் கீழே விழுந்து பக்கத்து ஃபைபர் (ஃபேரிங் எனும் வெளி மூடி பேனல்) உடைந்துவிட்டது. ஒரிஜினல் பேனல் விலை கட்டுப்படியாகவில்லை. ஆன்லைனில் வரும் மலிவான கிட்டை மாட்டினால் மதுரை வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் நிற்குமா?

தாராளமாக மாட்டலாம். என் வண்டியும் அதுதான், அதில் இருப்பதும் அப்படிப்பட்ட கிட்தான். ஆனால் வாங்கும்போது இஞ்செக்‌ஷன் மோல்டு செய்த (உருக்கி அச்சில் அழுத்தி வார்த்த) ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி பேனலும் பெரும்பாலும் ஏபிஎஸ்தான். கையால் வார்த்த ஃபைபர் கிளாஸ் இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது வளைந்து கொடுக்காது. துளை ஓரத்தில் விரிசல் விடும்.

இந்தக் கிட்களில் குறை பிளாஸ்டிக்கில் இருக்காது. துளைகள் சரியாகப் பொருந்தாது, உள்பக்கம் வெப்பத் தகடு இருக்காது. மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சத்தை அங்கேதான் செலவழிக்க வேண்டியிருக்கும்.

முதலில், உடைந்த பழைய பேனலைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் ரப்பர் புஷ், அதற்குள் இருக்கும் சின்ன இரும்புக் குழல், கிளிப் நட்டு எல்லாம் தங்கம். கிட்டோடு இவை வராது, வந்தாலும் தரம் சுமார்தான். எல்லாவற்றையும் கழற்றி, எந்த இடத்துப் போல்ட் எது என்று அட்டையில் குத்தி எழுதி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் உள்ளே எதையாவது முட்டும்.

மாட்டும்போது ஒரு போல்ட்டையும் முதலிலேயே இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையாலேயே இரண்டு மூன்று மரை மட்டும் ஏற்றிவிட்டு, பேனல் தானாக உட்கார்ந்த பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் துளை எப்படியும் ஒன்றாவது வரும். அதை இழுத்துப் பிடித்துப் போல்ட் போட்டால் அப்போதைக்கு உட்காரும். கிராமத்து வேகத்தடை நாலு ஏறி இறங்கினால் விரிசல் விடும். உருண்டை அரத்தால் துளையை நீளவாட்டில் தேய்த்துப் பெரிதாக்கி, அகலமான வாஷர் போடுவதுதான் முறை. சில பட்டறைகளில் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் துளை போடுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. உருகிய ஓரம் தடித்து, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. போல்ட் கழலக் கூடாதென்று நீல நிற த்ரெட் லாக் திரவத்தை விடுவார்கள். இரும்பில் இரும்பு என்றால் சரி. ஏபிஎஸ்ஸில் பட்டால் அந்த இடம் நுண்விரிசல் விட்டு, கொஞ்ச நாளில் போல்ட் தலையைச் சுற்றி வட்டமாக உடைந்து கையோடு வரும். ஃபேரிங்குக்கு ரப்பர் வாஷர் போதும்.

சரி, சூட்டுக்கு வருவோம். ஏபிஎஸ் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பின் சூடு அதைவிடப் பல மடங்கு. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். பிரச்சினை எல்லாம் சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதுதான்: ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும், சூட்டுக் காற்று முழுதும் பேனலுக்குள் அடையும். கம்பெனி பேனலில் அந்த இடத்தில் வெள்ளித் தாள் ஒட்டியிருப்பது அதற்காகத்தான்.

நீங்களும் அதேபோல் ஒட்ட, முதுகில் கண்ணாடி இழைத் துணியும் பசையும் உள்ள அலுமினியத் தாள் வாங்குங்கள். சமையலறை ஃபாயிலை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் பசை இளகி, தாள் பெண்ட் பைப் மேல் தொங்கும். ஒட்டுமுன் பேனலின் உள்பக்கத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வார்ப்பு அச்சில் தடவிய வழுவழுப்பு அதில் இருக்கும், தண்ணீரில் போகாது. பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், இரண்டும் ஏபிஎஸ்ஸைக் கெடுக்கும். காகிதத்தில் வடிவம் வெட்டிப் பார்த்துவிட்டுத் தாளை வெட்டி, ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே துணியால் அழுத்தி வந்தால் குமிழ் விடாது. வளைவில் மடிப்பு விழுந்தால் கத்தியால் கீறி ஒன்றின்மேல் ஒன்று படிய விடுங்கள். ஓரங்களுக்கு ஏசி ஸ்பேர் கடையில் கிடைக்கும் அலுமினிய டேப்பை ஒட்டினால் வண்டி கழுவும்போது தண்ணீர் உள்ளே ஏறாது.

தாள் கதிர்வீச்சுச் சூட்டைத்தான் திருப்பியடிக்கும், அதனால் பைப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் வீண். பேனலில் வெட்டு மாதிரி இருக்கும் காற்றுத் துளைகளை மூடாதீர்கள், மூடினால் சூடு உங்கள் தொடைக்கும் டேங்குக்கும்தான் வரும். அலுமினியம் மின்சாரம் கடத்தும் என்பதால் வயர் கனெக்டர் பக்கம் வரக் கூடாது.

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இத்தனையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் ஹோஸோ கேபிளோ இழுபடுகிறதா பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கினால் முன் சக்கரமும் மட்கார்டும் கீழ்ப் பேனலில் உரசக் கூடாது. அப்புறம் ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஐடிலில் விட்டு, பேனலை வெளியிலிருந்து தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத இடம் இருந்தால் அங்கே இன்னொரு அடுக்கு, அல்லது வாஷர் வைத்துப் பேனலைச் சற்று வெளியே தள்ளுங்கள். நத்தம் பறக்கும் பாலத்தில் ஒரு நடை போய்வந்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

முன்பக்க ஹெட்லைட் கூட்டையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் மட்டும் மலிவில் வாங்க நான் சொல்ல மாட்டேன். சட்டம் ஒரு துளி வளைந்திருந்தாலும் மற்ற எல்லாத் துளையும் தள்ளிப்போகும். நிறத்தையும் ஆர்சி புத்தகத்தில் உள்ளபடியே எடுங்கள். மாற்றுவதானால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.