கூட்டத்துக்குப் போகும்போது ஒரு ஸ்கேலும் எடுத்துப் போங்கள்
கடல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீனவர் கூட்டங்களைப் பற்றியவை. தடைக்காலம், அதாவது விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத மாதங்கள், நெருங்கினால் இப்படித்தான். எப்போதும் சொல்வதையே மறுபடியும் சொல்கிறேன்: எந்த வலை, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், கரையிலிருந்து எத்தனை கடல் மைல்? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

தரங்கம்பாடி வாசகர்: மீன்பிடி விதிகளைத் திருத்துவதற்கு முன் மீனவர்களிடம் கருத்துக் கேட்டோம் என்கிறார்கள். எங்கள் ஊருக்கு ஒரு தகவலும் வரவில்லை. குறைதீர் கூட்டத்தில் பேசினால் போதாதா?

போதாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் டீசல் மானியம், தூர்ந்துபோன முகத்துவாரம், வராத நிவாரணம் எல்லாம் பேசலாம். விதித் திருத்தத்தில் வரைவு என்ன சொல்கிறதோ அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், வரைவின் தமிழ் நகலைக் கேளுங்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். மைக்கில் பேசியதைக் காற்று கொண்டுபோய்விடும். கிராம சபைத் தீர்மானமும் சேர்ந்தால் மனுவுக்குக் கனம் கூடும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது தெருவிளக்கை விட்டுவிட்டு மீனைப் பற்றிப் பேசுங்களேன்.

காசிமேடு வாசகர்: தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 90 நாளாக்கினால் மீன் பெருகும் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சரியா?

பெருகும், தடை முடிகிற அன்று வரைக்கும். 2001-இல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-இல் 61 ஆனது. சுவரொட்டியில் 'மீன் இனப்பெருக்கக் காலம்' என்று போடுகிறார்கள். நம்முடையது வெப்பக் கடல். பல மீன்கள் வருஷத்தில் பல மாதம் முட்டையிடும், ஏப்ரல் 15 வரட்டும் என்று காத்திருப்பதில்லை. தடைக்காலத்தால் நிச்சயமாகக் கிடைப்பது, இழுவை மடி (படகு கடலடியோடு இழுத்துப் போகும் பை வலை) ஓடாமல் கடலடித் தரைக்கு இரண்டு மாத ஓய்வு. ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் எல்லா விசைப்படகும் ஒரே மூச்சில் இறங்கி, அந்த இரண்டு மாதத்தில் விரல் நீளம் வளர்ந்ததை வாரிக்கொண்டு வந்தால் 61 என்ன, 90 என்ன? நாளைக் கூட்டச் சொன்னவரிடம் அவர் படகின் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்று கேளுங்கள். 240-க்கு மேல் கூடாது என்பது விதி.

குளச்சல் வாசகர்: ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஒரு தடைக்காலம், எங்களுக்கு ஒரு தடைக்காலமா?

சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, நீங்கள் மேற்குக் கரை: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதை இந்தப் பகுதியிலேயே பலமுறை எழுதியாயிற்று.

பெயர், ஊர் எழுதாதவர்: கடலில் மீனே இல்லை சார். அரசு என்ன செய்கிறது?

தம்பி, முதல் பத்தியைப் படியுங்கள். எந்த மீன் இல்லை? எந்த வருஷத்திலிருந்து இல்லை? மத்தியா, நெத்திலியா, வஞ்சிரமா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கேரளக் கரையில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் மத்தி விழுந்தது, 2021-இல் சுமார் 3,300 டன். அதில் பிடித்துத் தீர்த்ததும் உண்டு, கடல் சூடானதும் உண்டு. மத்தி இப்படி ஏறி இறங்கும் மீன்தான். அடிக்கடல் மீன் அப்படியல்ல, ஒருமுறை வாரியெடுத்தால் மீள வருஷக்கணக்காகும். 'மீனே இல்லை' என்று கூட்டத்தில் சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

கடலூர் வாசகர்: உச்ச நீதிமன்றமே சுருக்குமடிக்கு (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கும் வலை) அனுமதி தந்துவிட்டதே, பிறகு ஏன் பிடிக்கிறார்கள்?

பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கேட்காதீர்கள். 2023 ஜனவரியில் வந்தது இடைக்கால உத்தரவு. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, பதிவு செய்த படகு, கண்காணிப்புக் கருவி கட்டாயம். 12 கடல் மைல் என்பது 22 கிலோமீட்டர் சொச்சம். கடல் மைல் வேறு, ரோட்டு மைல் வேறு. அந்த 12 மைலுக்குள் இருக்கும் நம் மாநிலக் கடலில் 2000-லிருந்தே சுருக்குமடிக்குத் தடைதான்.

நாகப்பட்டினம் வாசகி, மீன் வியாபாரம்: 'சங்காயம் (வலையில் சேர்ந்து வரும் பொடி மீன்) தானாக விழுகிறது, நாங்கள் என்ன செய்ய' என்று விசைப்படகுக்காரர்கள் கூட்டத்தில் சொல்கிறார்கள். உண்மையா? அங்கே எங்களைப் போன்ற பெண்கள் பேசலாமா?

அம்மா, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். பேசலாம், பேச வேண்டும். மீன் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டு வருவது கடலில் நிற்பவனுக்கு முன்னால் கூடையில் அள்ளுபவளுக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. மேடையில் தண்ணீர் பாட்டில், பூங்கொத்து, பின்னால் பேனர். ஒருவர் நாற்பது நிமிஷம் பேசினார், அதில் முக்கால்வாசி வரவேற்பு. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பையிலிருந்த சங்காயத்தை மேஜைமேல் இருந்த பேப்பரில் கொட்டினார். ஈரம் பரவி, பேப்பர் எழுத்தெல்லாம் ஊறிப்போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நான் ஸ்கேல் எடுத்தேன். சங்கரா குஞ்சு என் சுண்டுவிரல் அளவு, காரல், இரண்டு அங்குலக் கணவாய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்த பாறை மீன் குஞ்சு ஒன்று. "இது வளர்ந்தா எனக்கு ஒரு நாள் சோறு. இன்னைக்கு இதுக்குக் கிலோவுக்கு என்ன விலை, கேளுங்க" என்றார் அந்த அம்மா. யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டக் குறிப்பில் 'பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்கினர்' என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எதையும் எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

சரி, 'தானாக விழுகிறது' என்ற பேச்சுக்கு வருவோம். இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி (வலைக்கண்) 40 மில்லிமீட்டர், அதுவும் சதுரக் கண்ணி இருக்க வேண்டும். ஏன் சதுரம்? சாதாரண வைரக் கண்ணி, பாரம் ஏறி இழுபடும்போது கோடு மாதிரி மூடிக்கொள்ளும். 40 என்று எழுதியிருந்தாலும் குஞ்சு வெளியே போகாது. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே நிற்கும். கரையில் சோதனைக்கு ஒரு மடியைக் காட்டிவிட்டு, கடலில் உள்ளே பொடிக்கண் வலையைச் சேர்த்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தானாக விழுவது என்று சொல்ல முடியாது, கட்டிப் பிடிப்பது.

அதற்கும் மேலே ஒரு சங்கதி. முன்பெல்லாம் பொடி மீனைக் கடலிலேயே தள்ளிவிட்டு வருவார்கள், ஐஸ் பெட்டியில் இடத்தை அடைக்கும் என்று. இன்றைக்கு ஏன் கரைக்குக் கொண்டு வருகிறார்கள்? வாங்க லாரி நிற்கிறது. கோழித் தீவனம், இறால் பண்ணைத் தீவனம். நாலைந்து கிலோ பச்சை மீனைக் காய்ச்சி அரைத்தால் ஒரு கிலோ மீன்மாவு. படகுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, லாரிக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். நான் போன எந்தக் கூட்டத்திலும் தீவனக்காரர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. கேரளாவில் 2017-லிருந்து 58 வகை மீனுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு: மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14. அதற்குக் கீழே கரைக்கு வந்தால் வழக்கு. அங்கேயும் திருட்டுத்தனம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சண்டை ஒரு எண்ணை வைத்து நடக்கிறது. நீங்களும் ஒரு எண்ணோடு போங்கள். ஏலக்கூடத்தில் வாரம் ஒரு நாள், ஒரு கிலோ சங்காயத்தை எண்ணி, அளந்து, நோட்டில் எழுதுங்கள். மூன்று மாத நோட்டு கையில் இருந்தால் உங்களைத் தாண்டி அவர்களால் பேச முடியாது. எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

நீலாங்கரை வாசகர்: ஆமை செத்தால் எங்களை ஏன் குறை சொல்கிறார்கள்? நாங்கள் நாட்டுப்படகு.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமை ஒதுங்கியபோது எல்லோர் விரலும் நீண்டது முக்கியமாக இழுவைப் படகை நோக்கித்தான். அவை 5 கடல் மைலுக்குள் வரக்கூடாது. வந்தால் தேதி, நேரம், படகு எண் குறித்துக் கொடுங்கள். உங்கள் வலையில் சிக்கிய ஆமையை வலையை அறுத்தாவது விடுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: பாஸ்டனில் இருக்கும் அக்கா மகன் அங்கே ஒரு மீன்வளக் கூட்டத்துக்குப் போனானாம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமாம். நமக்கு அது வருமா?

அங்கே 1976 சட்டப்படி எட்டு வட்டார மன்றங்கள், மீன்பிடிப்பவர்களும் உறுப்பினர்கள். கூட்ட நிரல் முன்கூட்டியே வெளியாகும், பேச நேரம் ஒதுக்குவார்கள். அதைவிட முக்கியம்: வருஷத்துக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு விஞ்ஞானிகள் குழு ஒரு வரம்பு சொல்லும், மன்றம் அதைத் தாண்ட முடியாது. கூச்சல் போட்டாலும் வரம்பு நகராது. நம்மிடம் அப்படி ஒரு வரம்பே கிடையாது. நாள் கணக்கு, மைல் கணக்கு, கண்ணிக் கணக்குதான். அவர்களுக்கும் எல்லாம் பலித்துவிடவில்லை. பாஸ்டன் இருக்கும் அதே நியூ இங்கிலாந்துக் கரையில் காட் மீன் இன்னும் தேறவில்லை. வடக்கே கனடாவில் 1992-இல் மூடிய காட் மீன்பிடிப்பை 2024-இல்தான் வணிகத்துக்குத் திறந்தார்கள். மூடுவதற்குப் பல வருஷம் முன்பே, கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் மீன் குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது விஞ்ஞானிகளின் கணக்கு வேறு மாதிரி இருந்தது.

தொண்டி வாசகர்: இலங்கையில் உரிமம் வாங்கிக் கடல் அட்டை எடுக்கிறார்கள். நாமும் கூட்டத்தில் கேட்டு வாங்கலாமா?

2001-லிருந்து கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். மீன்வளக் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை, வேறு அலுவலகம். சட்டம் மாறும் வரை கையை வைக்காதீர்கள், ஜாமீன் சுலபமில்லை.

முட்டம் வாசகர்: எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பது விஞ்ஞான வளர்ச்சிதானே?

2017-லிருந்து தடை. அடுத்த கேள்வி.

வேதாரண்யம் வாசகர்: முட்டை வைத்த சிங்கி இறால் வலையில் ஏறினால் என்ன செய்வது? வியாபாரி எடை பார்த்துத்தான் எடுப்பேன் என்கிறார்.

வியாபாரி சொல்வது சரி. ஏற்றுமதிக்கு 2003-லிருந்து குறைந்தபட்ச எடை உண்டு, வகையைப் பொறுத்து 150 முதல் 500 கிராம் வரை. அதற்குக் கீழே இருந்தாலும் சரி, வயிற்றடியில் முட்டை ஒட்டியிருந்தாலும் சரி, உயிரோடு இருக்கும்போதே கடலில் விடுங்கள். மீசையைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்துவிடும்.